பிடி தளர்வதற்கு முன்

மூக்கண்டப்பள்ளி என்றதும் ஓசூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சிப்காட்தான். 1970களில் இங்கே தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது சுற்றிலும் ராகியும் கொள்ளும் விளைந்த மானாவாரிக் காடு. இன்று அந்த ஊர் ஓசூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கின, 1987-இல் டைட்டன் கடிகாரம் வந்தது. இவற்றை ஒட்டி வார்ப்படம், ஃபோர்ஜிங், பிரஸ் ஷாப், லேத் பட்டறை என்று நூற்றுக்கணக்கான சிறு கம்பெனிகள் முளைத்தன. அப்போது இருபது வயதில் முதல் ஷிப்டுக்கு வந்தவருக்கு இப்போது அறுபது ஆகிறது. கர்நாடக எல்லையோரத்து இந்தத் தொழில் ஊர் தன் முதல் தலைமுறைத் தொழிலாளர்களை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் காலம் இது. அவர்களுக்கு சுகர் பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். நாற்பது வருஷம் சம்பாதித்துப் போட்ட கையில் இன்னும் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்று மட்டும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. அளக்க வேண்டும், அதுவும் ஓய்வுபெறும் வயதுக்கு முன்பிருந்தே அளக்க வேண்டும் என்கிறேன். அந்தக் கை மொத்த உடம்பின் நிலைமையையும் சொல்லிவிடுகிறது என்பதுதான் காரணம்.

மனிதத் தசை நாற்பது வயதுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. பிரிட்டனில் நடந்த 12 ஆய்வுகளில் ஏறத்தாழ 50,000 பேரிடம் எடுத்த கைப்பிடி அளவுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் வெளியிட்டார்கள். ஆண்களின் பிடிபலம் 29 முதல் 39 வயது வரை சுமார் 51 கிலோவில் நிற்கிறது. பெண்களுக்கு 26 முதல் 42 வரை 31 கிலோ. பிறகு இறங்குமுகம்தான். முதலில் மெதுவாக இறங்கும், அறுபதைத் தாண்டியபின் வேகம் பிடிக்கும். தசையின் அளவு குறைவதைவிட அதன் பலம் குறைவது வேகமாக நடக்கிறது என்பது இதில் கவனிக்கவேண்டிய சங்கதி. முதுகுத்தண்டிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புச் செல்கள் வயதாக ஆகக் குறைகின்றன. அவற்றை நம்பியிருந்த தசைநார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தத்தெடுத்துக்கொள்ளும், மற்றவை சுருங்கி மறைந்துபோகும். அதிலும் சட்டென்று வேலை செய்யும் நார்கள்தான் முதலில் அடிபடுகின்றன. படியில் கால் தடுக்கினால் விழாமல் மறுகாலை ஊன்ற வைப்பவை அவைதான். காலியான இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துவிடுவதால் எடை மெஷினில் எதுவும் தெரிவதில்லை. நம் நாட்டு உடல்வாகில் இந்த மறைவு இன்னும் அதிகம். பார்க்க ஒல்லியாக இருப்பவர்களிடமும் கொழுப்பு கூடுதல், தசை குறைவு என்று புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் பல ஆண்டுகளாக எடுத்துக்காட்டி வருகிறார். ‘எனக்கென்ன, இருபது வருஷமா ஒரே வெயிட்’ என்று பெருமைப்படுகிறவர் அந்த இருபது வருஷத்தில் சில கிலோ தசையைக் கொடுத்து சில கிலோ கொழுப்பை வாங்கியிருக்கக்கூடும்.

இந்தத் தசையிழப்புக்கு சார்கோபீனியா என்று 1989-இல் பெயர் வைத்தவர் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க். ஆனால் அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேலாக மருத்துவர்கள் தசையின் அளவைத்தான் துரத்தினார்கள். எக்ஸ்ரே வகை ஸ்கேனில் கை கால்களில் எத்தனை கிலோ தசை இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். யார் விழப்போகிறார்கள், யார் படுக்கையில் விழுந்து எழமுடியாமல் போகப்போகிறார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்வதில் தசையின் அளவைவிட அதன் பலமே கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது என்று ஆய்வுக்குப் பின் ஆய்வு காட்டியது. 2018-இல் ஐரோப்பிய நிபுணர் குழு தன் வரையறையைத் திருத்தி பலத்தை முதல் படிக்குக் கொண்டுவந்தது. கைப்பிடி குறைவாக இருந்தால் தசையிழப்பு இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு சிகிச்சையை ஆரம்பித்துவிடலாம், ஸ்கேன் அதை உறுதிசெய்வதற்கு, நடைவேகம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அறிவதற்கு. 2019-இல் ஆசியக் குழுவும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஏறக்குறைய இதே வழியைச் சொன்னது. ஸ்கேன் இல்லாத இடத்திலும் நோயறிதலைத் தொடங்கிவிட முடியும் என்பதுதான் இதன் நடைமுறை அர்த்தம். நம் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

அளக்கும் கருவியின் பெயர் டைனமோமீட்டர். கையால் அழுத்தும் பலத்தை அளக்கும் யோசனை பழையது. 1798-இல் பாரிஸில் ரெஞ்ஞே என்பவர் இப்படி ஒரு கருவி செய்தார். 1884-இல் லண்டன் சுகாதாரக் கண்காட்சியில் பிரான்சிஸ் கால்டன் காசு வாங்கிக்கொண்டு வந்தவர்களின் பிடியை அளந்தார். இன்று ஆஸ்பத்திரிகளில் பரவலாக இருப்பது ஜாமர் என்ற ஹைட்ராலிக் வகை. ஸ்பேனர் பிடிப்பதுபோல் பிடிக்க இரண்டு கம்பி, மேலே ஒரு வட்ட டயல். டயலில் கிலோ ஒரு வரிசை, பவுண்டு ஒரு வரிசை. முள் இரண்டு: ஒன்று அழுத்தத்தோடு ஏறி இறங்கும், இன்னொன்று தொட்ட உச்சத்திலேயே நின்றுவிடும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும், புஜம் விலாவை ஒட்டியிருக்க வேண்டும், முழங்கை தொண்ணூறு டிகிரி மடங்கியிருக்க வேண்டும், மணிக்கட்டு மடங்கக்கூடாது. கைப்பிடியின் அகலத்தை ஐந்து நிலையில் மாற்றலாம்; பொதுவாக இரண்டாவது நிலையில் வைப்பார்கள். ‘நல்லா இறுக்குங்க, இன்னும், இன்னும், விடாதீங்க’ என்று பக்கத்திலிருந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். இது வெறும் உற்சாக வார்த்தை இல்லை, அளவீட்டு முறையிலேயே சேர்ந்தது. சும்மா பிடித்தவருக்கும் உசுப்பேற்றப்பட்டவருக்கும் அளவு மாறும் என்பதால் எல்லோரையும் ஒரே மாதிரி உசுப்ப வேண்டும். இரண்டு கையிலும் மாறி மாறி எடுத்து, உச்ச அளவைக் குறித்துக்கொள்வார்கள். ஸ்பிரிங் வகைக் கருவியென்றால் நின்றபடி கையை நீட்டித் தொங்கவிட்டு அழுத்தச் சொல்வார்கள். ஒரு கருவியில், ஒரு முறையில் எடுத்ததை இன்னொன்றோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். கரண்டு வேண்டாம், ரத்தம் வேண்டாம், வெறும் வயிற்றில் வரவேண்டாம். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரே நிபந்தனை, கருவியைக் காலாகாலத்தில் காலிப்ரேஷன் செய்ய வேண்டும். ஓசூரில் இதை யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. லைனில் தொங்கும் ஒவ்வொரு டார்க் ரெஞ்சிலும் அடுத்த காலிப்ரேஷன் தேதி போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் பிடிக்கிற கைக்குத்தான் அப்படி ஒன்று கிடையாது.

ஓர் உள்ளங்கை அழுத்தத்தை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள ஆதாரம் என்ன? முக்கியமானது 2015-இல் லான்செட் இதழில் வந்த பியூர் ஆய்வு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து சலீம் யூசுஃப் தலைமையில் நடந்தது. 17 நாடுகளில் 35 முதல் 70 வயதுவரை சுமார் 1.4 லட்சம் பேரைச் சராசரியாக நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சென்னையும், மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெங்களூருவும் அதில் உண்டு. பிடிபலம் ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும், அந்தக் காலத்துக்குள் எந்தக் காரணத்தாலாவது இறக்கும் அபாயம் 16 சதவீதம் கூடியது; இதயநோய், பக்கவாத அபாயமும் ஓரளவு கூடியது. மரணத்தை முன்கூட்டிக் காட்டுவதில் பிடிபலம் ரத்த அழுத்தத்தையே மிஞ்சியது. இந்தக் கடைசி வரிக்காகத்தான் அந்த ஆய்வை உலகம் பேசியது, பேசியதும் நியாயம்தான். நம் அரசும் இதைக் கவனிக்காமல் இல்லை. 2017-18-இல் 45 வயதைக் கடந்த சுமார் 72,000 பேரிடம் நடந்த இந்திய முதுமை ஆய்வில் களப்பணியாளர்கள் வீடுவீடாக டைனமோமீட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். புள்ளிவிவரத்துக்காக அளந்தாகிவிட்டது. அளக்கப்பட்டவரின் நலனுக்காக அளப்பதுதான் பாக்கி.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். குறைந்த பிடிபலமும் மரணமும் சேர்ந்து வருகின்றன என்பதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடுமா? ஆகாது. பிடிபலம் ஒரு தடயம் மட்டுமே. கருவில் கிடைத்த ஊட்டம், சிறுவயதுச் சாப்பாடு, நரம்பின் ஆரோக்கியம், நாள்பட்ட நோய்களின் அரிப்பு எல்லாம் அதில் பதிந்திருக்கின்றன. மைசூரில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வில், பிறக்கும்போது இருந்த உடலளவுக்கும் ஒன்பது வயதில் கைப்பிடிக்கும் தொடர்பு தெரிந்தது. ஆகவே கடையில் விற்கும் ஸ்பிரிங் கிரிப்பரை வாங்கி டி.வி. பார்த்துக்கொண்டே அழுத்தினால் ஆயுள் நீளும் என்று நினைப்பது, ஜுரம் வந்தவர் தெர்மாமீட்டரை ஐஸில் வைத்துவிட்டு நிம்மதியாவதற்குச் சமம். முன்கை மட்டும் முறுக்கேறும், தொடை அப்படியேதான் இருக்கும்.

அடுத்த எதிர்ப்பு மூக்கண்டப்பள்ளிக்கென்றே உரியது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவரின் முன்கையும், அலுவலகத்தில் ஃபைல் புரட்டியவரின் முன்கையும் ஒன்றா? ஸ்பேனரும் சுத்தியலும் பிடித்த கை அறுபதிலும் கெட்டியாக நிற்கும், டயல் முள் தாராளமாக ஏறும், ஆனால் கால் தசை கரைந்திருக்கலாமே? அப்போது கைப்பிடி அளவு ஏமாற்றிவிடாதா? இருக்கலாம். பிடிபலம் முழு உடம்புக்குப் பிரதிநிதி என்பது சராசரியில் உண்மை, ஒவ்வொரு தனி ஆளிடமும் அப்படியே பொருந்தவேண்டும் என்பதில்லை. ஆனால் கடின உழைப்பு முதுமையிலும் தசையைக் காப்பாற்றும் என்ற பொதுநம்பிக்கையே ஆட்டம் காண்கிறது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஓய்வு வயதை ஒட்டிய ஆண்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், வாழ்நாள் முழுக்கப் பாரவேலை செய்தவர்களின் பிடிபலம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட அதிகம் இல்லை. உடற்பயிற்சி என்பது பாரத்தைப் படிப்படியாகக் கூட்டி, இடையே ஓய்வு கொடுத்து, நல்ல சாப்பாடு போட்டுத் தசையை வளர்ப்பது. பிரஸ் ஷாப் வேலை அப்படிப்பட்டதல்ல. அதே அசைவு, அதே பாரம், எட்டு மணி நேரம், மேலே ஓ.டி.; தசை அதற்குப் பழகிக்கொண்டு வளர்ச்சியை நிறுத்திவிடும், மூட்டு தேய்வது மட்டும் நிற்காது. வறுமை, குடி, புகை, இளவயதுச் சத்துக்குறைவு என்று வேறு காரணங்களும் அந்தக் கணக்குக்குள் கலந்திருக்கக்கூடும் என்பதையும் மறுப்பதற்கில்லை. எப்படியானாலும் ‘உழைச்ச உடம்பு, ஒண்ணும் ஆகாது’ என்ற தைரியத்தின் பேரில் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது. இந்தத் தலைமுறைக்குக் கையோடு காலையும் பார்க்க வேண்டும் என்பதே சரியான பதில். அதற்கு வழி உண்டு. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பார்ப்பது. 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் ஆசிய அளவுகோலில் அது மந்தம். ஸ்டாப்வாட்ச் செல்போனிலேயே இருக்கிறது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பிரஸ்ஸில் விரல் நுனி போனவர்கள், அதிரும் கிரைண்டர் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போனவர்கள், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டவர்கள், சர்க்கரையால் விரல்மூட்டு இறுகியவர்கள் தொழில் ஊர்களில் குறைவில்லை. இவர்களின் அளவு குறைவாகத்தான் வரும். அது தசையிழப்பு ஆகாது. எனவே பிடிபலம் குறைவு என்பது தீர்ப்பு அல்ல, விசாரணைக்கான தொடக்கம். கையில் காயமோ வலியோ உண்டா என்று முதலில் கேட்க வேண்டும், மறுகையை அளக்க வேண்டும், நாற்காலிச் சோதனையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், பிறகே மேற்கொண்டு ஸ்கேன். அளந்தவுடன் ஆளுக்கு ஒரு நோய்ப்பெயர் ஒட்டி அனுப்புகிற முகாம் நடத்துவதாக இருந்தால் நடத்தாமலிருப்பதே மேல்.

எத்தனை கிலோவுக்குக் கீழே குறைவு என்பதிலும் உலகம் ஒருமித்துப் பேசவில்லை. ஐரோப்பியக் குழுவுக்கு ஆண்களுக்கு 27, பெண்களுக்கு 16. ஆசியக் குழுவுக்கு 28, 18. அமெரிக்காவில் 2020-இல் ஒரு நிபுணர் கூட்டமைப்பு 35.5, 20 என்றது. நம்மவர்களின் பிடி பொதுவாகவே ஐரோப்பியர்களைவிடக் குறைவு என்பதை பியூர் ஆய்வே காட்டியிருக்கிறது, ஆகவே வெளிநாட்டு எண்ணை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தினர் ஆரோக்கியமான இளம் இந்தியர்களை அளந்து ஆண்களுக்கு 27.5 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ என்று எல்லை வகுத்தார்கள். இப்போதைக்கு நமக்கு உருப்படியான எண் இதுதான். ஆனாலும் ஒரே எல்லைக்கோட்டைக் காட்டிலும் அவரவர் பழைய அளவே நல்ல அளவுகோல் என்பது என் கருத்து. ஐம்பது வயதில் 44 கிலோ அழுத்தியவர் அறுபதில் 33 அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்திய, ஆசிய, ஐரோப்பிய எல்லை எதிலும் அவர் பெயிலாக மாட்டார். ஆனால் கால்பங்கு பலத்தை இழந்துவிட்டார். இன்னொருவர் ஆரம்பத்திலிருந்தே 30தான், இப்போதும் 30தான். முதலாமவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். ஓய்வுக்குப் பின் ஒருமுறை அளந்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஐம்பது வாக்கிலேயே ஓர் எண் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். சீக்கிரமே அளக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறோம், வயசானால் பலம் குறையத்தானே செய்யும் என்று கேட்பவர்கள் மருத்துவர்களிலும் உண்டு. தசையிழப்புக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை என்பது உண்மை. மாத்திரை இல்லாததால் சிகிச்சையே இல்லை என்று நினைப்பதுதான் பிழை. பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன ஒரு சிறு குழுவுக்கு எட்டு வாரம் தொடைக்குப் பளு தூக்கும் பயிற்சி கொடுத்து 1990-இல் முடிவை வெளியிட்டார். பயிற்சியை முடித்தவர்களின் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. குழு மிகச் சிறியது, ஆனால் பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் திசையை மாற்றவில்லை; தொண்ணூறிலும் தசை சொன்னதைக் கேட்கிறது. எதிர்ப்பக்கமும் ஒரு பாடம் உண்டு. 2007-இல் வெளியான இன்னோர் ஆய்வில் ஆரோக்கியமான, அறுபதைக் கடந்தவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. டெங்குவுக்கோ கால் முறிவுக்கோ பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த பெரியவர், ‘அதுக்கப்புறம் அப்பா பழைய மாதிரி இல்லை’ என்று பிள்ளைகள் சொல்லும்படி ஆகிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வாக்கிங் நல்லதுதான், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் உதவும். ஆனால் தசை பலத்தைக் கூட்ட அது மட்டும் போதாது. நாற்காலியில் எழுந்து உட்காருவது, படியேறுவது, தண்ணீர் பாட்டிலோ மணல் பையோ தூக்கி இறக்குவது என்று பாரத்தை எதிர்த்து வேலை செய்ய வேண்டும், வாரத்தில் இரண்டு மூன்று நாள், பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு. மூட்டுவலியோ இதயக்கோளாறோ இருப்பவர்கள் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டே ஆரம்பிக்க வேண்டும்.

பயிற்சி பாதி என்றால் சாப்பாடு பாதி. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று 2013-இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது. அறுபது கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 72 கிராம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ராகிக் களியில் நூறு கிராம் மாவுக்குப் புரதம் ஏழு கிராம்தான்; சோற்றின் கதையும் அதைவிடச் சிறப்பில்லை. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் களியை வெறுமனே சாப்பிட்டதில்லை. அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளு, கீரை, கருவாடு, கோழி என்று கூடவே ஒன்று இருந்தது. கொள்ளில் நூறு கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், பல் போனதும் வயதானவர் தட்டிலிருந்து முதலில் காணாமல்போவது இந்தக் கூடுதல்தான். ராத்திரிக்கு இரண்டு இட்லி, இல்லாவிட்டால் பால் விட்ட ரொட்டி, ‘எனக்குப் போதும்மா’ என்று முடித்துக்கொள்வார். குடும்பத்தினர் அதை வயதுக்கேற்ற மிதமான உணவு என்று பாராட்டுவார்கள். முட்டையோ, தயிரோ, வேகவைத்து மசித்த பயறோ மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தசை பலம் இன்னும் வேகமாகக் கரைகிறது, சர்க்கரைக்குப் பயந்து அவர்களே சாப்பாட்டையும் சுருக்கிக்கொள்கிறார்கள். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு சொன்னபிறகு, அவர்கள் கைப்பிடியை மட்டுமாவது அளக்காமல் விடுவதற்குச் சமாதானம் கிடையாது.

முதுமை மருத்துவத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு முதலில் வந்ததும் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான், 1996-இல். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆனால் சூளகிரியிலிருந்தும் பாகலூரிலிருந்தும் யாரும் கைப்பிடி அளக்கக் கிண்டிக்குப் போகப்போவதில்லை. அளவு அவர்களைத் தேடி வரவேண்டும். அதற்கான வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள்; தேவைப்பட்டவருக்கு பிசியோதெரபிஸ்டும் வீடு தேடி வருகிறார். அந்தப் பையில் ஒரு டைனமோமீட்டருக்கு இடம் இருக்கிறது. ஏற்கெனவே வேலைச்சுமையில் திணறும் தன்னார்வலர் தலையில் இன்னொன்றா என்ற கேள்வி நியாயமானதுதான். மாதாமாதம் அளக்கத் தேவையில்லை, வருஷத்துக்கு ஒருமுறை போதும். எல்லா வீட்டிலும் வேண்டாம், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்.

இந்த வழியில் அளந்தால் கூடுதலாக ஒரு நன்மையும் கிடைக்கும். கம்பெனி பரிசோதனையை மட்டும் நம்பினால் பெண்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போவார்கள். அந்த முதல் தலைமுறையின் மனைவிமார்கள் ரோஜாத் தோட்டத்திலும் காட்டிலும் வீட்டிலும் செய்த வேலைக்கு எந்த மஸ்டர் ரோலிலும் பெயர் இல்லை. மாதவிடாய் நின்றபின் எலும்போடு தசையும் வேகமாக இறங்குவது அவர்களுக்குத்தான். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகே பல பெண்களின் பலவீனம் குடும்பத்துக்குத் தெரியவருகிறது. தொழிலாளர்களைப் பொறுத்தவரை இப்போது சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு முதலாளி வருஷத்துக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை செய்துதர வேண்டும். நாற்பது என்பது பிடிபலம் இறங்கத் தொடங்கும் வயதை ஒட்டித்தான் வருகிறது. அந்தப் பரிசோதனைப் படிவத்தில் உயரம், எடை, ரத்த அழுத்தம் என்ற வரிசைக்குக் கீழே ‘கைப்பிடி: வலது, இடது’ என்றும் ‘நாற்காலிச் சோதனை: வினாடி’ என்றும் இரண்டு வரி சேர்ப்பதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை.

தொழிற்சங்கங்கள் இதை அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரை, வீட்டில் ஐம்பதைக் கடந்தவர் இருந்தால் கை இல்லாத ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரத்தைக் குறித்து வையுங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், அல்லது போன வருஷத்தைவிட நேரம் கூடிக்கொண்டே போனால், அடுத்த முறை சுகர் மாத்திரை வாங்கப் போகும்போது டாக்டரிடம் அதைச் சொல்லி, கைப்பிடியையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.